பிழைக் கட்டத்தில் மட்டும் என் பேர்

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அடக்கமாக இருந்து பார்த்தாச்சு, ஒரு பிரயோஜனமும் இல்லை.

கரிசல் மண், மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், இங்கே கட்டாதீர் என்று கொத்தனாரே கையை விரித்த இடத்தில் ஷெட் போட்டேன். இன்றுவரை சுவரில் ஒரு கீறல் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எதற்குப் பெரிய கரண்டு கனெக்‌ஷன் என்று கேட்ட ஆபீசில் செருப்புத் தேய நடந்து, மூன்று பேஸ் லைன் வாங்கினேன். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்த நெல்லடிக்கிற மிஷினைத் தூக்கி வந்து, பிரித்து, அறுத்து, ஒட்டி, மக்காச்சோளம் உதிர்க்கிற மிஷினாக மாற்றினேன். அதைப் பார்த்து என் பெண்டாட்டியின் அண்ணனே பொதுவில் சிரித்தார். பிறகு அவர் ஊருக்கே அதே மாதிரி நான்கு மிஷின் செய்து கொடுத்தேன். எட்டுப் பேர் வேலை பார்க்கிற பட்டறை, இருபது பேர் வேலை பார்க்கிற பட்டறையாகி, அதன்பிறகுதான் வாசலில் கம்பெனி என்று போர்டு ஏறியது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கை வைத்துக் கற்றதுதான் எல்லாம். இடது கையில் இரண்டு நகம் இன்றும் சரியாக வளராது.

சங்கரன்கோவிலில் இருந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போங்கள். தை மாசியில் டிராக்டருக்குப் பின்னால் பச்சைப் பெயின்ட் அடித்த மிஷின் ஒன்று ஆடிக்கொண்டு போகும். அது என்னுடையது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் உண்மை.

என் மகன் கோயம்புத்தூரில் படித்தவன். அங்கேயே ஒரு மோட்டார் கம்பெனியில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் வந்த முதல் வருஷமே ஒரு சாஃப்ட்வேர் வாங்கினான். அதோடு, அதைப் பார்த்துக்கொள்ள அங்கே இருந்தே ஒரு இன்ஜினியரையும் கூட்டி வந்தான். நாற்பது வயசு ஆள், மரியாதை தெரிந்தவர், கொங்குப் பேச்சு. என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். மரியாதையைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த சாஃப்ட்வேர் எதற்கு என்று மகன் எனக்கு விளக்கினான். ஒரு மிஷினை முதலில் யோசிக்கிறதில் இருந்து, வரைந்து, செய்து, விற்று, ரிப்பேர் பார்த்து, கடைசியில் உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுகிற வரைக்கும் எல்லாத் தகவலும் ஒரே இடத்தில் இருக்குமாம். எந்த போல்ட்டை எப்போது மாற்றினோம், யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், எல்லாம் அதில் ஏறுமாம்.

நான் கேட்டேன், இவ்வளவு நாள் அந்த வேலையைச் செய்தது யார்? அவன் சிரித்தான்.

சிரிக்கிறதற்கு இதில் என்ன இருக்கிறது. ஒவ்வொரு மிஷினையும் நான்தான் பிள்ளையைப் போலப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பனவடலிசத்திரத்துக்குப் போன மிஷினில் கதிர் போடுகிற வாய் உயரமாக இருந்தது. அங்கே கதிர் போடுகிறது பெண்கள். கையைத் தூக்கித் தூக்கி மதியத்துக்குள் தோள் இற்றுப்போகும் என்று ஒரு அம்மா என் முகத்துக்கு நேரே சொன்னாள். அடுத்த மிஷினில் ஒரு சாண் இறக்கினேன். ராயகிரிப் பக்கம் மலையடிவாரம், கதிர் ஈரத்தோடு வரும். வேகம் கூடினால் நசுங்கும் என்று பெரிய புல்லி போட்டு ஓட்டத்தைக் குறைத்தேன். குருவிகுளத்துக் காட்டுக் காற்றில் தூசி எல்லாம் கதிர் போடுகிற ஆள் மூஞ்சிக்கே வந்தது. காற்றாடியின் வாயையே திருப்பி வைத்தேன். உழைத்துத் தேய்ந்த மிஷினை நானே திரும்ப வாங்கிப் பிரித்து, எந்த இடம் முதலில் தேய்கிறது என்று பார்ப்பேன். அந்த இடத்துக்கு அடுத்த மிஷினில் கனத்த தகடு வைப்பேன். இதற்குத்தான் இப்போது இங்கிலீஷில் பேர் வைத்து வருஷச் சந்தா கட்டுகிறார்கள்.

சரி, கட்டட்டும். பிரச்சினை அதுவல்ல. பிரச்சினை அந்த நோட்டு.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் மிஷினின் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே பல்லு வைத்த உருளை ஒன்று சுற்றும். அதற்குக் கீழே வளைந்த சல்லடை. கதிர் இரண்டுக்கும் நடுவில் உரசிக்கொண்டு போகும்போது மணி உதிர்ந்து சல்லடை வழியாக விழும், சக்கை வெளியே போகும். அந்த இடைவெளிதான் மிஷினுக்கு உயிர். அது பத்து நூல் இருக்க வேண்டும். எங்கள் பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஒரு இஞ்சு. ஒரு நூல் கூடினால் சக்கையில் மணி நிற்கும். ஒரு நூல் குறைந்தால் மணி உடையும். உடைந்த மணியைக் கோழித்தீவன வியாபாரி தொட மாட்டான்.

இந்தப் பத்து நூலைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வெள்ளாமை ஆனது. இப்படிக் கண்டுபிடித்ததை ஒருவன் திருடினான். என்னிடம் கடைசல் வேலை வாங்கிச் செய்துகொண்டிருந்த லேத்துக்காரன்தான். என் மிஷினைப் பார்த்து அப்படியே செய்து வேறு ஊரில் விற்றான். அதற்கப்புறம் நான் ஒரு வேலை செய்தேன். அளவெல்லாம் எழுதி ஒரு நீள நோட்டு போட்டேன். மேஜை மேலேயே திறந்து வைப்பேன். எல்லா அளவும் சரியாக இருக்கும், ஒன்றைத் தவிர. அந்த இடைவெளியை மட்டும் ஒன்பது நூல் என்று எழுதினேன். எல்லாமே தப்பாக எழுதினால் திருடனுக்குச் சந்தேகம் வந்துவிடும் பாருங்கள்.

என் பட்டறைக்கு அந்த நோட்டு தேவையே இல்லை. சல்லடை வளைக்கிறதற்கு வேப்பங்கட்டையில் ஒரு அச்சு செய்து வைத்திருந்தேன். தகட்டை அதன் மேல் போட்டு அடித்தால் பத்து நூல் தானாக வந்துவிடும். என் பட்டறை மேஸ்திரிக்குக்கூட அளவு தெரியாது, அச்சு தெரியும். அடுத்து ஒருவன் நோட்டைப் பார்த்துச் செய்தான். அவன் மிஷின் ஒரு அறுவடை தாண்டவில்லை. அவனிடம் வாங்கின விவசாயிகள், எங்கள் பக்கத்தில் சம்சாரிகள் என்போம், எல்லாம் மறு வருஷம் என் வாசலில் நின்றார்கள். எந்தக் காலேஜில் இதைச் சொல்லித் தருகிறார்கள்?

இன்ஜினியர் வந்த மூன்றாவது வாரம் அந்த நோட்டைக் கேட்டார். இரண்டு கையாலும் வாங்கினார், அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து, மில்லிமீட்டருக்கு மாற்றி, கம்ப்யூட்டரில் படம் வரைந்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்பது நூல் பக்கத்தையும் அவர் திருப்பினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். வெளியாள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை வருஷம் மேஸ்திரியிடமே சொல்லாத விஷயம். சாயங்காலம் மகனிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சாயங்காலம் அவர்களுக்கு மீட்டிங். நானும் வருகிறேன் என்றேன். நீங்க எதுக்குப்பா அலையுதீங்க, வீட்டுல ரெஸ்ட் எடுங்க என்றான். ரெஸ்ட் எடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும், அப்போது சொல்வோம் என்று இருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

அதற்குள் பட்டறையில் சட்டம் மாறிவிட்டது. கம்ப்யூட்டர் படத்தில் இல்லாத எந்தச் சாமானும் பட்டறையில் இருக்கக் கூடாதாம். என் வேப்பங்கட்டை அச்சில் சிவப்பு அட்டை கட்டிப் பின்பக்கம் போட்டார்கள். தகடெல்லாம் கோயம்புத்தூரில் லேசரில் வெட்டி, வளைத்தே வந்து இறங்கியது. ஒரு வாஷரை மாற்ற வேண்டும் என்றால்கூட மூன்று பேர் ஒப்புதல். ஒருநாள் ஒரு கைப்பிடி இடிக்கிறது, அரை இஞ்சு தள்ளி ஒட்டுலே என்று வெல்டரிடம் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, ரிக்வெஸ்ட் போடணும் மொதலாளி என்றான். நான் வேலைக்கு எடுத்தவன். அவன் கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவன் நான்.

புது மிஷின்கள் தை மாதம் வெளியே போயின. பெயின்ட் எல்லாம் பிரமாதம். ஒவ்வொன்றிலும் கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர். போனைக் காட்டினால் அந்த மிஷினின் ஜாதகமே வருமாம்.

இரண்டு வாரம் கழித்து குருவிகுளத்துச் சம்சாரி ஒருவர் வந்தார். அந்தக் காலத்தில் நான் விற்ற மூன்றாவது மிஷின் அவருக்குத்தான், இப்போது புதுசும் வாங்கியிருந்தார். என் வயசுதான். ஆபீசுக்குள் நுழைந்தவர் யாரிடமும் எதுவும் பேசாமல் ஒரு உரச்சாக்கைத் தலைகீழாகப் பிடித்து என் மகன் மேஜையில் கொட்டினார். லேப்டாப் மேலெல்லாம் மஞ்சள் நொய். முழு மணி தேடித்தான் எடுக்க வேண்டும்.

என்னைப் பார்த்துச் சொன்னார், "மிஷின் கேட்டா மாவு மில்லைத் தந்திருக்கீரே வே."

நான் மேஜையில் கிடந்ததை ஒரு கை அள்ளிப் பார்த்தேன்.

"இது நீரு பெத்த பிள்ளை மாதிரி இல்லையே அண்ணாச்சி. மூக்கு முழியெல்லாம் வேற ஆளு சாடையில்லா இருக்கு."

மகன் அவரை உட்கார வைத்து மோர் வாங்கிக் கொடுத்தான். கதிர் காய்ந்தது போதாதோ, டிராக்டர் வேகம் கூடுதலோ என்று இன்ஜினியர் ஒவ்வொன்றாகக் கேட்டார். சம்சாரி மோரைக் குடித்துவிட்டு, எனக்கு மக்காச்சோளம் காயப்போடத் தெரியாதுன்னு சொல்லுதாரா இவரு என்று என்னிடம் கேட்டார். அவர் காட்டில் பாதிக் கதிர் இன்னும் உதிர்க்காமல் கிடந்தது. வானம் மூட்டமாக இருந்தது. நனைந்தால் பூசணம் பிடிக்கும். அதே மாதிரி மிஷின் வாங்கினவர்கள் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். அன்றைக்கு மட்டும் நாலு பேர் போன் பண்ணினார்கள்.

இன்ஜினியர் கம்ப்யூட்டரைத் திறந்து எல்லா அளவையும் சரிபார்த்தார். தகடு படத்துக்குச் சரியாக இருந்தது. படம் நோட்டுக்குச் சரியாக இருந்தது. ஒரு மில்லிமீட்டர் மாற்றமில்லைங்கய்யா என்று என்னிடம் காட்டினார். அந்த வெற்றிலைக் கறை பட்ட பக்கம் திரையில் பெரிதாக நின்றது, என் கையெழுத்தில் ஒன்பது.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. பட்டறைக்குப் போனேன். அனுப்பாமல் நின்ற ஒரு மிஷினின் மூடியைத் திறந்து, இரண்டு விரலைச் சேர்த்து உருளைக்கும் சல்லடைக்கும் நடுவில் விட்டேன். என் மிஷினில் இரண்டு விரலும் முழுசாகப் போகும். இதில் கணுவிலேயே நின்றுவிட்டது. பின்னால் மகனும் இன்ஜினியரும் வந்து நின்றார்கள்.

"ஒரு நூல் தள்ளு. பத்து வேணும்," என்றேன்.

மகன் கேட்டான், "நோட்டுல ஒம்பதுதானப்பா இருக்கு?"

"நோட்டுல அப்படித்தான் இருக்கும்."

அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டான், "எனக்குமாப்பா அந்த நோட்டு?"

பூட்டுப் போட்டவன் சாவியை மகனிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் சாவி இருக்கிறதா என்று அவனும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

பின்பக்கம் போய் சிவப்பு அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு அச்சைத் தூக்கி வந்தேன். மேஸ்திரியும் நானும் அன்றைக்கே சல்லடைகளைத் திரும்ப வளைக்க ஆரம்பித்தோம். மூன்று நாளில் வண்டி எடுத்துக்கொண்டு பன்னிரண்டு காட்டுக்கும் போய் நானே நின்று மாட்டினேன். குருவிகுளத்தில் மாட்டி ஓட்டிக் காட்டியபோது சம்சாரி ஒரு கை மணியை அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு, இப்பம் உம்ம சாடை வந்துட்டு என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் அறுபத்தெட்டு வயசில் முதுகுவலியோடு மினிடோர் வண்டியின் முன்சீட்டில் குலுங்கிக்கொண்டு போனேன். மழை நாலு நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் அவர் உதிர்த்து முடித்திருந்தார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் இன்ஜினியர் இந்த மாற்றத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன எழுதியிருக்கீங்க, தமிழில் சொல்லுங்க என்றேன். அவர் நல்ல மனுஷர், மறைக்கவில்லை. மிஷினின் முதல் வரைபடம், எண் பூஜ்ஜியம், வரைந்தவர் அவர், ஒப்புதல் கொடுத்தவர் என் மகன். அதற்குப் பிறகு மாற்றம் எண் ஒன்று, இடைவெளியைக் கூட்டியது. மாற்றம் செய்தவர், அவர். காரணம் என்ற கட்டத்தில், ஆவணப் பிழை. அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில், ஆவணம் கொடுத்தவர் என்று என் பேர்.

முழு மிஷினின் வரலாற்றில் என் பேர் எங்கே எல்லாம் இருக்கிறது, தேடிக் காட்டுங்கள் என்றேன். தேடினார். அந்த ஒரு இடம்தான்.

"இந்தப் பூஜ்ஜியத்துக்கு முன்னால என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"முன்னால எதுவும் இல்லீங்கய்யா. சிஸ்டம் அங்க இருந்துதான் ஆரம்பிக்குது."

பனவடலிசத்திரத்து அம்மாவுக்காக இறக்கின ஒரு சாண், படத்தில் இருக்கிறது. ராயகிரிக்காகப் போட்ட பெரிய புல்லி, இருக்கிறது. திருப்பி வைத்த காற்றாடி வாய், இருக்கிறது. ஏன் என்றுதான் இல்லை. எல்லாமே இன்ஜினியர் ஒரே நாளில் யோசித்து வரைந்த மாதிரி நிற்கிறது. என் ஆயுசு முழுக்க அந்தப் பூஜ்ஜியத்துக்குள்ளே போய்விட்டது.

அது பிழை இல்லை, தெரிந்தே வைத்தது, அப்படி எழுதுங்கள் என்றேன். காரணம் என்ற கட்டத்தில் நாமாக எழுத முடியாதாம். ஒரு பட்டியல் இருக்கும், அதில் இருந்துதான் எடுக்க வேண்டுமாம். அளவுப் பிழை, பொருள் பிழை, ஆள் பிழை, ஆவணப் பிழை. வேண்டுமென்றே வைத்தது என்று அதில் கிடையாது. இருக்கிறதில் இதுதான் ஐயா மரியாதையா இருந்துச்சு என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

மகனிடம் போனேன். அவனும் இந்தத் தடவை விட்டுக்கொடுக்கவில்லை. "எப்பா, எல்லாத்தையும் நீங்க தலைக்குள்ளேயே வச்சிருந்தீங்க. அதுக்குத்தான் இதை வாங்கினேன். நாளைக்கு நீங்க இல்லாமப் போனா, பன்னெண்டு பேருக்கு யாரு போயி மாட்டுவா?"

"நாளைக்குத்தானலே இல்லாமப் போவேன். இன்னைக்கே ஏன் அழிக்கிய?"

அவன் லேப்டாப்பை மூடி வைத்தான். பிறகு, ஆபீஸ் சுவரில் உங்கள் படத்தைப் பெரிதாக மாட்டலாம் என்றான். மாலை போடாமல் மாட்டுவாயா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குப் படம் வேண்டாம். பொன்னாடை வேண்டாம். அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் எழுதி வைத்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதம் கடலை உரிக்கிற மிஷினைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்கள். அதற்கும் ஒரு நோட்டு இருக்கிறது. அதை இப்போதைக்கு என் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. கொடுப்பேன், எந்தப் பக்கத்தில் எதைத் திருத்த வேண்டும் என்றும் உட்கார்ந்து சொல்வேன். அதற்கு முன்னால் மக்காச்சோள மிஷினின் கணக்கு நேராக வேண்டும்.

ஆகவே மகனுக்கும் இன்ஜினியருக்கும் சொல்கிறேன், பூஜ்ஜியத்துக்கு மேலே ஒரு வரி போடுங்கள். சாஃப்ட்வேர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விற்றவனைக் கூப்பிட்டு ஒத்துக்கொள்ள வையுங்கள், அதற்குத்தானே சந்தா. அந்த வரியில் இந்த மிஷினை உண்டாக்கியது யார் என்று எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றமும் எந்த ஊருக்காக, யார் சொல்லி, யார் செய்தது என்று எழுதுங்கள். நான் உட்கார்ந்து சொல்கிறேன், ஒரு வாரம் ஆகட்டும், பத்து நாள் ஆகட்டும். பட்டியலில் புதிதாக ஒரு காரணம் சேருங்கள், திருட்டுக்குப் பயந்து வைத்தது என்று. மாற்றம் எண் ஒன்றில், மாற்றம் செய்தவர் என்ற இடத்தில் இன்ஜினியரின் பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போடுங்கள். அவரே சம்மதிப்பார், கேட்டுப் பாருங்கள். தமிழில் போடுங்கள், நான் படித்துப் பார்க்க வேண்டும்.